இச்சி, நீங்க, சான்

பறித்துப் பரப்பிய தேயிலைக் கொழுந்து வாடும்போது கிளம்பும் வாசனையை, அதை நுகராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்; வெட்டிப் போட்ட புல்லும் கனிந்த பேரிக்காயும் ஒரே பைக்குள் கிடந்தால் எப்படி மணக்குமோ, ஏறக்குறைய அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியின் மேல்மாடியில், சனிக்கிழமைக் கொழுந்தையெல்லாம் கீழே இறக்கி அரைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களிலும், அந்த வாசனை மட்டும் பலகைகளை விட்டுப் போகாமல் கிடக்கும். அதை மூச்சில் இழுத்துக்கொண்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பதினெட்டுப் பெண்பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாக நின்று கராத்தே கற்றோம். நாங்கள் காலை ஓங்கி வைக்கும்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகத் தேயிலைத்தூள் உதிர்ந்து, கீழே மெஷின் துடைத்துக்கொண்டிருக்கும் என் அப்பாவின் தலையில் விழும். உங்கள் கராத்தேயில் இன்றைக்கு அரைக்கிலோ 'டஸ்ட்' தேறியது என்று சாயங்காலம் வந்து சொல்வார்.

சொல்லிக்கொடுத்தவர் ஷமீமக்கா. குன்னூர் பஜாரில் குடையும் ஸ்வெட்டரும் விற்கிற கடைக்காரரின் மகள். அப்போது காலேஜில் கடைசி வருஷம், கறுப்பு பெல்ட்கூட இன்னும் வாங்கியிருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட டீச்சர் கேட்டுக்கொண்டதற்காக ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவார். ஓடு உடைக்கலாம், பறந்து உதைக்கலாம் என்று ஆசையோடு போன எங்களுக்கு, முதல் மூன்று மாதம் அவர் கற்றுத்தந்தது நிற்பதும், ஒரு காலைப் பின்னால் வைப்பதும், அடிவயிற்றிலிருந்து கத்துவதும்தான். எட்டாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறந்ததிலிருந்து சரிவிலேயே நடக்கிறவர்களுக்கு நிற்பதற்கு ஒரு பாடமா! யாராவது அவசரப்பட்டு முஷ்டியை நீட்டினால் ஷமீமக்கா வந்து அதை மெதுவாக மடக்கிவிட்டு, "முதல்ல காலு. அப்பறம் சத்தம். கை கடைசிலதான் வரோணும்" என்பார். அதைத் தவிர அவர் தத்துவம் எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

எண்ணிக்கை ஜப்பான் பாஷையில். இச்சி, நீ, சான், சீ, கோ என்று பத்து வரைக்கும் போகும். மூன்று மாதம் கழித்து, குத்தும் எண்ணிக்கையும் தொடங்கிய முதல் நாள், நான் முன்வரிசையில் அவருக்கு நேரெதிரே நின்றிருந்தேன். "இச்சி" என்றார், எல்லோரும் குத்தினார்கள். என்னைப் பார்த்து "நீ" என்றார், சரி, இது என் முறை போலிருக்கிறது என்று நான் மட்டும் உயிரைக் கொடுத்து ஒரு குத்து விட்டேன். அப்படியே அடுத்தடுத்த சுற்றுகளிலும் 'நீ'க்கு மட்டும் குத்தினேன். நாலைந்து சுற்று கழித்துத்தான் அவர் கவனித்து விழுந்து விழுந்து சிரித்தார். நீ என்றால் அங்கே ரெண்டாம்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் பக்கம் 'நீ' என்ற சொல் அவ்வளவு லேசாகப் புழங்காது. அம்மா வீட்டுக்கு வந்த கைக்குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குள் கொஞ்சலுக்கோ கோபத்துக்கோ 'நீ' உண்டு. வாசலைத் தாண்டினால் எல்லாமே 'ங்க'தான். எஸ்டேட் வேலையிலோ 'நீ' மேலேயிருந்து கீழே மட்டும் வரும். சூப்பர்வைசர் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்து, "ஏய், நீ, அந்தக் கடைசி வரிசைக்குப் போ" என்பார். அவர்கள், "சரிங்க சார்" என்பார்கள். அந்தச் சொல் கீழேயிருந்து மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் நான் பழகும்போது அம்மாவை எண்ணச் சொல்வேன். அடுப்பில் கண் இருக்க, வாய் மட்டும் எண்ணும்: "இச்சி, நீங்க, சான்..." நானும் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அது எண்தான், திட்டில்லை என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு, "எண்ணா இருந்தாத்தான் என்ன, புள்ளையப் பாத்துச் சொல்றப்ப ஒரு மாதிரியா இருக்குது" என்று அடுத்த சுற்றிலும் 'நீங்க'தான் வரும்.

எஸ்டேட் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதுக்குப் போக, பம்ப் ஷெட் வழியாகத் தேயிலைக்கு நடுவே அரைமணி நேரம் தனியாக நடந்து ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த வழியில் நடந்த பக்கத்து வீட்டுச் செல்வியக்கா பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டார். வயிற்றுவலி என்றார்கள். பிறகு கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்து என் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டார். என்ன வயிற்றுவலி என்பது, நான் ஒன்பதில் சேர்ந்த இரண்டாம் வாரம் எனக்கே தெரிந்துபோனது.

பம்ப் ஷெட் திருப்பத்தில் சூப்பர்வைசர் பைக்கை வழிக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நிற்பார். என்ன அவசரம், பஸ்ஸை நான் பிடித்துத் தருகிறேன், பின்னால் ஏறு என்பார். ஏற மாட்டேன் என்றால் சிரித்துக்கொண்டே நகராமல் நிற்பார். நான் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, பாவாடையெல்லாம் நனைந்து, பஸ்ஸை விட்டுவிட்டு அழுவேன். (இன்றைக்கு எழுதும்போதும் 'அவர்' என்றே வருகிறது, பாருங்கள்.) வீட்டில் சொன்னால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள், செல்வியக்காவுக்கு அதுதானே நடந்தது. சொல்லாவிட்டால் தினமும் அந்தத் திருப்பம். ஒரு ஞாயிறு ஷமீமக்காவிடம் மட்டும் சொல்லி, அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு யாருடையது என்று கேட்டார். எஸ்டேட்டுடையது; வேலை போனால் வீடும் போகும். "அப்ப கைய மடக்கி வெச்சுக்கோ. காலும் சத்தமும் உன்னுதுதானே, அதுக்கு யாரும் வாடகை கேக்க முடியாது" என்றார். அம்மாவிடமாவது சொல் என்று இரண்டு முறை சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை நல்ல மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேல்சரிவில் கத்திரிகளின் 'சரக் சரக்' மட்டும் கேட்டது. திருப்பத்தில் சூப்பர்வைசர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். அன்றைக்கு முதல் முறையாகக் கையை நீட்டி என் பையின் வாரைப் பிடித்தார்.

என் இடது கால் தானாகப் பின்னால் போனது. "இச்சி" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் சிரித்தார். அப்புறம் அந்த மேல்மாடியில் கத்திய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்தன:

"நீ!"

பிடித்த கை வாரை விட்டுவிட்டது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். என் வாயோ நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது: சான், சீ, கோ, ரோக்கு... மேலே கத்திரிச் சத்தம் நின்றது. பனிக்குள் ஈரச் செடிகள் உரசும் சத்தம் கீழிறங்கி வந்தது. முதலில் அம்மா, பின்னால் செல்வியக்கா, அப்புறம் ஒவ்வொருவராகப் பத்துப் பதினைந்து பேர், கொழுந்துப் பையும் கையில் கத்திரியுமாக வந்து நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார்.

"புள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார். வண்டியக் கொஞ்சம் நவுத்துங்க."

இத்தனை மரியாதையான ஒரு வாக்கியத்துக்கு ஒரு மனிதர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்தது. அன்றைக்கு பஸ் கிடைத்தது.

ஆனால் சும்மா விடுவாரா? அன்று மாலையே ஆபீசில் புகார் போனது: லேபரின் பிள்ளை என்னை 'நீ' என்றாள், 'சீ' என்றாள், அதுவும் வேலையாட்கள் முன்னால். ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த நாலு நாளும் வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் டிரங்குப் பெட்டியை இழுத்து, வேண்டியது வேண்டாதது என்று துணிகளைப் பிரித்து வைக்கத் தொடங்கியிருந்தார். அதைப் பார்த்தபோது, பேசாமல் பைக்கில் ஏறியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆபீசில் மேனேஜர், அம்மா, நான், அவர். கிளாசுக்கு வந்த ஷமீமக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நீ என்றால் ரெண்டு சார், சீ என்றால் நாலு என்று ஷமீமக்கா விளக்கினார். மேனேஜர் என்னைப் பார்த்து, எண்ணினாயா, அவரைச் சொன்னாயா என்று கேட்டார். நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. எண்ணினேன் சார் என்றேன். எண்ணிக் காட்டு என்றார். காட்டினேன். 'சீ' வந்தபோது மூலையில் இருந்த கிளார்க் இருமினார். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நடுவழியில் நின்று எண்ண வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று கேட்டார். அப்போதுதான் செல்வியக்கா, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, "நான் சொல்றேனுங்க" என்றார்.

ஒரு மாதத்துக்குள் சூப்பர்வைசரை மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். இதைத் தண்டனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கேயும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நடந்துதான் போனார்கள். ஷமீமக்கா அடுத்த மாதமே அந்த டிவிஷனிலும் ஒரு கிளாஸ் ஆரம்பித்தார். எங்கள் வரிசையில் பத்தொன்பதாவதாகச் செல்வியக்கா வந்து நின்றார்.

விசாரணை முடிந்த அன்று, டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அம்மா கேட்டார்: "நெசமாச் சொல்லு கண்ணு. எண்ணுனியா, திட்டுனியா?"

"ரெண்டுந்தாம்மா" என்றேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் கணக்கு டீச்சர். அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள்; போன மே மாதம் போனபோது மேல்மாடிப் பலகைகளைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள், கீழே நின்றால் கூரைத் தகரம் தெரிகிறது, வாசனை சுத்தமாக இல்லை. பம்ப் ஷெட் வழியில் ஜீப் போகிற அளவுக்கு ரோடு வந்துவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். இருபத்தைந்து வருஷம் சரிவில் நின்ற முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்துப் பத்தாக எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணுகிறார்: "இச்சி, நீங்க, சான்..."

போன வாரம் நான் பழையபடி சிரித்தேன். இனி யாரம்மா இருக்கிறார்கள், மரியாதை கொடுக்க என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. காலை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மேல நின்னு கேட்டப்ப, அது எஞ் சத்தம்னே நெனச்சேன் கண்ணு. பதினோரு வருசம் அந்தாளுகிட்ட வேலை செஞ்சேன். நான் போட்டிருக்கோணும் அந்தச் சத்தத்த. போட்டிருந்தா செல்விக்கும் வந்திருக்காது, உனக்கும் வந்திருக்காது."

அம்மா மறுபடி காலைத் தூக்கினார். "இச்சி" என்றார். கால் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே சுவரைத் தவிர யாரும் இல்லை.

"நீ" என்றார்.

அடுத்த எண்ணை எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான். நான் அந்தக் காலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.