படகுச் சளி

மாரியுன் எதையும் கண்டு மூக்கைப் பொத்துகிற ரகம் இல்லை. ஆட்டுக்குடலை ஓடைத் தண்ணீரில் அலசி, கொழுப்பைப் பிசைந்து உருட்டிப் பழகிய கை அது. வீட்டுக்குப் பின்னால், பலகை இடுக்கில் காற்று புகுந்து புறப்படும் கொட்டகையில் ஆட்டுத்தொடைகள் மாதக்கணக்கில் தொங்கிப் புளிக்கும். மேலே பூத்த பூஞ்சையைப் புறங்கையால் துடைத்துவிட்டு உலையில் போடுவாள். அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் பாதி ஆயுளைக் கழித்தவள். அதைக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து காசு செலவழித்து ஆட்கள் வர வேண்டியிருந்தது.

ஸ்கார்வோய், வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோயே தீவுகளின் வடகோடியில் கிடக்கிற ஒரு பாறை. கடை கிடையாது, டாக்டர் கிடையாது. படகு கல்துறையில் நிற்காது. அலை தூக்குகிற நொடி பார்த்துக் குதிக்க வேண்டும். துறையில் கயிறு பிடித்துக் கட்டுவதும், பயணிகளின் காத்திருப்பு அறையைக் கழுவி விடுவதும் மாரியுனின் வேலை. எந்தப் புண்ணியவானோ அவளுடைய தொலைபேசி எண்ணை எங்கேயோ போட்டுவிட்டதால், சுற்றிப் பார்க்க வரப்போகிறவர்கள் எல்லாம் அவளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

"ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரை கையில இருக்கட்டுங்க."

"நாங்க சாயந்தரமே திரும்பிடுவோமே."

"அது நீங்க சொல்றது. கடல் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சரி, வேற?"

"வழுக்காத பூட்ஸ். வாந்திக்கு மாத்திரைய படகு ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், வந்தப்புறம் இல்ல. பல்லு வலிச்சா புடுங்கிட்டு வாங்க, இங்க என் வீட்டுக்காரரோட குறடு மட்டும்தான் இருக்கு. சளி இருமல் இருந்தா வரவே வராதீங்க."

எதிர்முனையில் சிரிப்பார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளே செருப்புக் காலோடு வந்து இறங்குவார்கள்.

இறங்கியதும் ஆரம்பிக்கும். துறைப்படியில் வாந்தி. உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பின்னால் குந்தல். புளிப்புத் தண்டுக்காக அவள் பொத்திப் பொத்தி வளர்த்த ருபார்ப் செடிக்கு நடுவே கசங்கிய காகிதம். ஒரு மகானுபாவர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, அதை விரித்து உள்ளே என்ன வந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே கையை நட்போடு அவளிடம் நீட்டினார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் இறைச்சிக் கொட்டகையைத் தாண்டும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன நாத்தம்" என்பார்கள். அதுதான் அவளுக்கு ஆறவே ஆறாது.

ஆனால் அவளுடைய கோபம் முழுக்கச் சுத்தம் பற்றியது அல்ல. அவளுக்கு ஹானுஸ் இருந்தான்.

வருஷக்கணக்காகப் படகை மேடேற்றி மேடேற்றி அவள் புருஷன் ஹானுஸுக்குக் குடல் இறங்கியிருந்தது. அடிவயிற்றில் முஷ்டி அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். மல்லாந்து படுத்து, திட்டிக்கொண்டே உள்ளே தள்ளுவான். என்றைக்காவது அது வெளியே சிக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும் என்றும், அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியிருந்தால் ஹெலிகாப்டராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். வசந்தத்தில் ஆபரேஷனுக்காகத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போனான். போன இடத்தில் இருமினான். இருமினால் தையல் பிய்த்துக்கொள்ளும் என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படகுச் சளி. தீவில் அதற்கு அதுதான் பெயர். படகு வந்து போன பிறகு வீடு வீடாக மூக்கு ஒழுகும். இப்போது கோடையில் இரண்டாவது தேதி கிடைத்திருந்தது. அதையும் எவனோ ஒருவனின் மூக்குச்சளிக்குப் பலி கொடுக்க மாரியுன் தயாராக இல்லை.

துறையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதைக்குக் குறுக்கே நீல வலைக்கயிறு ஒன்றைக் கட்டினாள். அதைத் தாண்டி எந்த வெளியாளும் வரக்கூடாது. அந்நியர்களோடு புழங்குகிற உடம்பு என்று தானும் பரணில் போய்ப் படுத்துக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே தோல் வெடித்தது.

அந்த வாரம் டென்மார்க்கின் ஓஹூஸ் நகரத்திலிருந்து உல்லா என்று ஒரு அம்மாள் வந்தாள். படகிலிருந்து குதிக்கும்போது பின்னல் குல்லாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். உள்ளே தளும்பியது.

"இதை எங்கங்க கழுவலாம்?"

மாரியுன் கடலைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அலை முறுகி, படகுப் போக்குவரத்தே நின்றுபோயிற்று. தங்க இடம் கேட்டு அந்த அம்மாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"வீட்டுல இடம் இல்லைங்க. காத்திருப்பு அறையில பெஞ்சு இருக்கு, ஹீட்டர் இருக்கு."

"மாடியில ஜன்னல் தெரியுதே."

"தெரியும். ஜன்னல்னா தெரியத்தான் செய்யும்."

மறுநாள் மேய்ச்சல் மேட்டில் ஆடுகளை மடக்கிப் பட்டியில் அடைத்தார்கள். ஊரே ஏறியது, ஹானுஸைத் தவிர. ரோமம் கத்தரித்து முடித்ததும் ஒரு சுற்று சாராயம் வரும். ஒரே கிளாஸ்தான். ஊற்றுகிறவர் ஊற்ற, ஒருவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் திருப்பித் தர, அதிலேயே அடுத்தவருக்கு. வாயைத் துடைக்கலாம், கிளாஸைத் துடைக்கக் கூடாது. துடைத்தால், பக்கத்தில் நிற்பவனை நாய் என்று சொன்னதற்குச் சமம்.

மாரியுனுக்கு முன்னால் நின்றவன் தும்மாஸ். அவளுடைய சித்தப்பா மகன், படகில் வேலை. பெயரிலேயே தும்மலைத் தூக்கிக்கொண்டு திரிகிற அந்த ஆளின் மூக்கு அன்றைக்குச் சிவந்து போயிருந்தது.

"என்னடா, ஒழுகுது?"

"காத்துதான் மாரியுன். கடல்லயே நிக்கிறவனுக்கு ஒழுகாம வேற யாருக்கு ஒழுகும்?"

அவன் குடித்தான். கிளாஸ் நிரம்பியது. அவளும் குடித்தாள். வெளியூர்க்காரன் கை நீட்டினாலே இரண்டடி பின்னால் போகிறவள், நம்ம தும்மாஸ் என்கிற ஒரே காரணத்துக்காக அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தாள். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விடியலில் பரணில் கண் விழித்தபோது தொண்டையில் முள் இருந்தது. விழுங்கிப் பார்த்தாள். மறுபடி விழுங்கினாள். அந்தக் கிளாஸ் கண்முன் வந்தது, அதன் விளிம்பில் தும்மாஸின் ஈர மீசை. குமட்டிக்கொண்டு வந்தது. ஹானுஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஹெலிகாப்டர் நாளைக்கு. அவள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, சுவர் ஓரமாகவே இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச? காப்பி ஆறுது" என்று தொலைபேசியில் ஹானுஸ்.

"காத்திருப்பு அறையில இருக்கேன்."

"அங்க என்ன?"

"எனக்குப் பிடிச்சிருச்சு. நீ வெளிய வராத. நான் தொட்ட கரண்டி, கெட்டில் எதையும் தொடாத."

அவன் சிரிக்கிற சத்தம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான், பாவம், அவனுக்கு அப்படித்தான் சிரிக்க முடியும்.

"எந்த டூரிஸ்ட்டு?"

"தும்மாஸ்" என்றாள். சொல்லும்போது அவமானத்தில் காது எரிந்தது.

ஹீட்டர் மேல் உல்லாவின் குல்லா காய்ந்துகொண்டிருந்தது. அறை முழுக்கப் புளித்த வாடை. மாரியுன் தும்மினாள். உல்லா தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நகர்ந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க அந்தப் பக்கமே உட்காருங்க. எனக்குச் சளி ஆகாது."

"உங்களுக்கு ஆகாதா?"

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, சளியோட வரக்கூடாதுன்னு. நான் வரும்போது சுத்தமா இருந்தேன்." அவள் பையைத் திறந்து காட்டினாள். ஒரு வாரத்துக்கு மாத்திரை, இரட்டைக் காலுறை, பற்பசை, முகமூடி. "எல்லாம் நீங்க சொன்னபடியே. வாந்தி மாத்திரைய மட்டும் லேட்டாப் போட்டுட்டேன்."

மாரியுன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னபடி செய்து வந்த ஒரே பிறவி இதுதான். அதுவும் குல்லாவில் வாந்தியோடு. அந்த அம்மாளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, தன்னைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. எட்டி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை மூடுபனி விலகி ஹெலிகாப்டர் வந்தது. அது இறங்குகிற இடத்துக்குப் பாதை துறைப்பக்கமாகத்தான் போகிறது. ஹானுஸ் இறங்கி வந்தான், பெட்டியை ஒரு கையால் தரையோடு இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு. நீலக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மாரியுன் நின்றாள். அவள் கட்டிய கயிறு, அந்நியர்களுக்கென்று அவள் குறித்த இடம்.

"பெட்டியத் தூக்காதே" என்று கத்தினாள்.

"வேற யாரு தூக்கறது? நீ வர்றியா?"

அவளால் போக முடியவில்லை. முகத்தை அவனுக்குக் காட்டாமலே திரும்பி, பின்னால் நின்ற உல்லாவிடம், "அம்மா, அந்தப் பெட்டிய..." என்றாள். தங்க இடம் இல்லை என்று சொன்ன வாய் அது.

படகு இன்னும் ஓடாததால் உல்லாவும் அதே ஹெலிகாப்டரில் போகிறவள். முகமூடியை மாட்டிக்கொண்டாள், குல்லாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள், கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் ஹானுஸின் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவன் ஹெலிகாப்டர் படி ஏறத் தடுமாறியபோது தோளைக் கொடுத்தாள். அந்தக் குல்லா அவன் கன்னத்தில் உரசுவதை மாரியுன் பார்த்தாள். குமட்டல் அப்படியேதான் இருந்தது. அதோடு கண்ணும் நிறைந்து வழிந்தது, மூக்கும் வழிந்தது. கைக்குட்டையில் சிந்தி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை தொலைபேசி வந்தது.

"சேத்துக்கிட்டாங்க" என்றான் ஹானுஸ். "நெஞ்சுல வச்சுப் பார்த்தாங்க, தொண்டையில லைட் அடிச்சுப் பார்த்தாங்க. எல்லாம் சுத்தம். காலையில வெட்டப்போறாங்க."

"வேற ஏதாவது கேட்டாங்களா?"

"வீட்டுல யாருக்காவது சளியான்னு அந்த நர்ஸம்மா கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"இல்லன்னேன். நீதான் வீட்டுலயே இல்லையே."