பின் சீட்டில் இரண்டு பேர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நடந்து முடிந்தது என்று சொல்லத்தான் முடியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்த இரண்டு பேர், இப்போது எந்த வாகனத்தில் ஏறினாலும் பின் சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

பதுளை பஸாரில் சின்னத் துணிக்கடை வைத்திருப்பவர் சுரேன். மனைவி கம்சலா, ஆறு வயது மகள் தயானி, அம்மா மீனாம்பாள் என்று வீட்டில் நான்கு பேர். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு ஜீப்பைத் தவிர. பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்துக் காவலாளி அவருடைய பழைய வேனைப் பார்த்து, சமையல் சாமான் வந்திருக்கிறது என்று பின்வாசலுக்கு அனுப்பிவிட்டான். பட்டுவேட்டியோடு அண்டாக்களுக்கு நடுவில் இறங்கிய மனிதருக்கு அன்றே பித்துப் பிடித்துவிட்டது. வாங்கினால் தோல் சீட் போட்ட ஜெர்மன் ஜீப்தான். கையில் இருந்த பணத்துக்கோ ஒரு நல்ல கார் வாங்குவதே இழுபறி.

தரகர் பஸீல் நானா தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் காசுக்கு அந்த மாதிரி ஜீப் கெடைச்சா, அதுல ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். என்ன இருக்குன்னு பாத்து வாங்கணும். அவ்வளவுதான்."

பார்த்தார்கள். பண்டாரவளையில் முதல் ஜீப். நானா கால்விரிப்பைத் தூக்கினார். அடியில் பொடி மணல். வெள்ளத்தில் குளித்த வண்டி. ஹாலிஎலயில் இரண்டாவது. மீட்டரில் அறுபதாயிரம் கிலோமீட்டர் காட்டியது, பிரேக் பெடலின் ரப்பரோ வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. மீட்டரைச் சுற்றியிருக்கிறார்கள் என்று நானா கண்ணைக் காட்டினார். இரண்டையும் விட்டார்கள். சுரேனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது லுணுகலையில் இருந்தது. தோட்டத்துப் பாதையில், தேயிலைக்கு நடுவே தனியாக ஒரு வீடு. கறுப்பு ஜீப். கீறல் இல்லை. விபத்தில் அடிபட்டதில்லை. மணல் இல்லை, பெடல் தேயவில்லை. நானா அடியில் படுத்தும் பார்த்தார். குறை சொல்ல முடியாமல் அவருக்கே எரிச்சல் வந்தது. விலையோ, மற்ற இரண்டையும்விடக் குறைவு.

ஓனர் பெயர் வீரய்யா. லொறி வைத்துத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஒப்பந்தக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசல்படியை விட்டு இறங்கவில்லை. சாவியைக் கை நீட்டிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல எத்தன பேரு தம்பி?"

"நாலு பேருங்க."

அவர் ஜீப்பின் பின் சீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். "ஒண்ணு மட்டும். ஓபன் பேப்பர்ல குடுக்க மாட்டேன். இன்னைக்கே ஒங்க பேருக்கு மாத்திறணும்."

நானா சிரித்துவிட்டார். எங்கும் ஓபன் பேப்பர்தானே வழக்கம்? விற்கிறவர் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் வசதிப்படும்போது பெயரை மாற்றிக்கொள்வார், அல்லது மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். அதுவரை வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பழைய ஓனர் பெயர்தான் இருக்கும். அந்தச் சோம்பலுக்கு வீரய்யா இடம் கொடுக்கவில்லை. அலைந்து, பணம் கட்டி, பெயரை மாற்றிவிட்டுத்தான் விட்டார்.

வாங்கி வந்த அன்று மாலை 5.20. தனியாக ஓட்டி வந்த சுரேன், முன்பலகையில் அதைக் கவனித்தார். பின் சீட்டுக்கு மூன்று குட்டி மனித உருவங்கள். யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால், அந்த உருவம் சிவப்பாகும்.

இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் சிவப்பு. நடு உருவம் மட்டும் அணைந்திருந்தது.

டிங்... டிங்... டிங்...

பின்னால் யாரும் இல்லை.

மறுநாள் ஹாலிஎல நிஷாந்தின் கராஜில் ஸ்கேன் மெசின் மாட்டிப் பார்த்தார்கள். நிஷாந்த் உதட்டைப் பிதுக்கினான். "சென்சர்ல ஃபோல்ட் இல்ல அண்ணே. சீட்ல பாரம் இருக்குன்னு காட்டுது." சென்சரையே புதிதாக மாற்றினான். அப்போதும் அதே இரண்டு சிவப்பு. கடைசியில் எல்லாரும் செய்யும் வேலையைத்தான் சொன்னான். "வெறும் சீட்டுக்கு பெல்ட்ட மாட்டி விடுங்க. சத்தம் நின்னுரும்."

சுரேன் தன் கையாலேயே மாட்டினார். இடது பக்கம், 'டக்'. வலது பக்கம், 'டக்'.

சத்தம் நின்றது. இரண்டு உருவமும் பச்சையாக மாறின. குனிந்து மாட்டும்போது வலது சீட்டில் தலைவலித் தைலம் மணத்தது. பழைய ஓனர் வீட்டில் யாரோ பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் ராஜா மாதிரி திரிந்தார். கோயிலில் பூசை, டயருக்கடியில் நாலு எலுமிச்சம்பழம், எல்லாம் நடந்தது. தயானிக்குப் பின் சீட்டின் நடு இடம்தான் பிடிக்கும். அங்கிருந்தால் முன்கண்ணாடி வழியே பாதை முழுக்கத் தெரியுமாம். "இது என் எடம்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூனாகலையில் இருக்கும் கம்சலாவின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். மீனாம்பாள் முதுகுவலி என்று வரவில்லை. திரும்பும்போது மாலை 4.10. பட்டப்பகல்தான். ஆனால் பனிமூட்டம் பத்தடிக்கு மேல் எதையும் காட்டவில்லை. கம்சலா முன்னால். தயானி பின்னால், நடுவில், பெல்ட் போட்டபடி தூங்கிவிட்டாள்.

4.17. ஒரு சத்தம்.

கிர்ர்ர்ர்...

பெல்ட் இழுபடும் சத்தம். யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தால் கேட்குமே, அது.

சுரேன் கண்ணாடியில் பார்த்தார். வலது பக்கத்து பெல்ட் சீட்டோடு ஒட்டியிருக்கவில்லை. ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. நல்ல பருமனான ஒருவருக்குப் போட்ட மாதிரி, வளைந்து, இறுகி. அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

இடது பக்கமும் அப்படித்தான்.

வளைவில் நாய் ஒன்று குறுக்கே ஓட, பிரேக்கை மிதித்தார். மூன்று பெல்ட்டும் ஒரே நேரத்தில் முன்னால் இழுபட்டு, ஒரே நேரத்தில் பின்னால் போயின.

தயானியின் தலை மட்டும் வலது பக்கம் சரிந்தது.

சரிந்தது... விழவில்லை.

பாதியில் நின்றது. எதன் மேலோ சாய்ந்து, கன்னம் அமுங்கி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது பிள்ளை.

கம்சலா திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க... புள்ளய எடுங்க."

வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார். தைல மணம் முகத்தில் அடித்தது. தயானியின் பெல்ட் பொத்தானை அழுத்தினார்.

கழலவில்லை.

இரண்டு கையாலும் அழுத்தினார்.

கழலவில்லை.

கத்தி தேடினார். இல்லை. பாதையில் வேறு வாகனம் இல்லை. பெற்ற பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள், எடுக்க முடியவில்லை. சுரேன் வெட்கத்தை விட்டு அழுதார். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே கையெடுத்துக் கும்பிட்டார்.

"வுட்ருங்க... சின்னப் புள்ளங்க... வுட்ருங்க..."

4.31.

டக்.

அவர் கை அப்போது பொத்தானில் இல்லை.

மூன்று பேரும் முன் சீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். தயானி ஒன்றும் அறியவில்லை. நல்ல தூக்கம் தூங்கினேன் என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமையே சுரேன் ஜீப்பை விற்றுவிட்டார். பஸீல் நானாகூட வேண்டாம். மொனராகலையில் வண்டி வாங்கி விற்கும் அஜந்தன் என்ற இளைஞன் அடிமாட்டு விலைக்குக் கேட்டான். கொடுத்தார். அவசரம். பெயர் மாற்ற அலைய யாருக்கு நேரம்? ஓபன் பேப்பரில் கையெழுத்துப் போட்டு, கடை வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது முன்பலகையை எட்டிப் பார்த்தார். இரண்டுதான் எரிந்தன. நடு உருவம் அணைந்திருந்தது. தன் வீட்டைப் பிடித்தது விட்டது என்று பெருமூச்சு விட்டார்.

வியாழன் காலை 10.15. அஜந்தன் கூப்பிட்டான்.

"அண்ணே, பின் சீட்டுல ரெண்டு லைட்டு எரியும்னுதானே சொன்னீங்க?"

"ஆமா, ரெண்டு."

"இன்னைக்கு விடியக்காலையிலருந்து மூணு எரியுது. நடுவுலயும். அந்த பெல்ட்டு தானா மாட்டியிருக்கு, கழட்ட வரமாட்டேங்குது. ரொம்ப இறுக்கிப் புடிச்சிருக்கு அண்ணே. சின்னப் புள்ளைக்குப் போட்ட அளவு."

சுரேன் போனோடு கடைக்கு வெளியே வந்தார். "ஒங்க வீட்டுல... சின்னப் புள்ளங்க யாராச்சும்?"

அவன் சிரித்தான். "எனக்குக் கல்யாணமே ஆகல அண்ணே. நானும் ஆத்தாவும்தான்."

10.25. வீரய்யாவுக்கு எடுத்தார். மூன்றாவது முறைதான் பதில் வந்தது. மூன்று லைட் என்று சுரேன் சொன்னதும், அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் வாங்கறப்ப ஒரு லைட்டுதான் தம்பி. இடது பக்கம். அது முந்தின ஓனரோட செத்துப்போன தங்கச்சின்னு பொறகுதான் கேள்விப்பட்டேன். ஏழு மாசத்துல வலது பக்கமும் எரிய ஆரம்பிச்சிச்சு. லைட்டு எரிஞ்ச ஒம்பதாவது நாள், என் சம்சாரம் பாக்கியலெட்சுமி போய்ச் சேந்துட்டா. வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. காய்ச்சல். ரெண்டே நாள். பெல்ட்டு இழுத்து நிக்கிற அளவப் பாத்தீங்கல்ல? அவ ஒடம்புதான் அது."

"தைலம்..." என்றார் சுரேன்.

"ஆமா. அவளுக்குத் தலைவலி. தெரிஞ்சேதான் வித்தேன் தம்பி. எனக்கு ஒரு மகன் இருக்கான். என்னயத் திட்டுங்க. யாரு பேர்ல இருக்கோ, அந்த வீட்லதான் அது எடுக்குது. அதான் நின்னு பேர மாத்திக் குடுத்தேன். நீங்களும் மாத்தித்தானே குடுத்தீங்க?"

சுரேன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"தம்பி... மாத்தித்தானே குடுத்தீங்க?"

10.40. அஜந்தனுக்கு மறுபடி எடுத்தார்.

"இப்பத்தான் அண்ணே வித்தேன். கொழும்புப் பக்கம் போற ஆளு. கையில காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்ட்டாரு."

"பேரு? போன் நம்பர்?"

"கேக்கலியே அண்ணே. ஓபன் பேப்பர்தானே..."

11.30க்குக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெயர் மாற்றும் அலுவலகத்துக்கு ஓடினார். எனக்கு இந்த ஜீப் வேண்டாம், என் பெயரை வெட்டுங்கள் என்று கெஞ்சினார். வாங்கியவர் யார் என்று கேட்டார்கள். தெரியவில்லை. அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் பெயர்தான் ஓனர், அதை யாராலும் வெட்ட முடியாது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

1.50க்கு வீட்டுக்கு வந்தார். தயானி பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நம்ம ஜீப்புல என் எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா?"

சுரேன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை.

மூன்றாவது லைட் எரிந்து அன்று முதல் நாள். இன்று ஏழாம் நாள்.