செல்வி படிக்காமல் விட்ட கடிதம்

செய்தி வந்தபோது நான் குமணன்சாவடியில் பேருந்தை விட்டு இறங்கிக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். அன்று பருத்திப்பட்டு நிறுத்தத்தில் செல்வி ஏறவில்லை. மழைக்குப் பயந்து விடுப்பு எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, சாயங்காலம் கிண்டல் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அவள் கணவர் குமார் அழைத்தார். "டீச்சர், செல்வி பூட்டா டீச்சர்" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது. நான் பள்ளிக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடி, முதலில் வந்த பேருந்தில் ஏறித் திரும்பினேன். குடை எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் படிக்க வைத்தவர்களுக்கும் செல்வியைத் தெரிந்திருக்கும். அலுவலக எழுத்தர் அவள்; சன்னலை ஒட்டிய மேசை, கணினி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். பருத்திப்பட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். தாத்தா காலத்து வயல் இருந்த இடத்தில் இப்போது எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. "நீ குடியிருக்கிற ஊடு எங்க கத்திரிக்கா தோட்டம்க்கா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்த தமிழாசிரியை. நான் ஒரு நிறுத்தம் முன்னால் ஏறுவேன், அவள் பருத்திப்பட்டில் ஏறுவாள்; இருபது வருடம் ஒரே பேருந்தில் போய் வந்தோம்.

ஒரு ஜூன் மாதத்தில் அவள் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். மகளைச் சேர்க்க வந்த ஒரு பெண், படிவத்தில் தந்தை பெயர் கேட்கும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். செல்வி திரையை அந்தப் பெண் பக்கம் திருப்பி, விசைப்பலகையையும் நகர்த்தி வைத்தாள். "உனக்கு இன்னா போடணும்னு தோணுதோ நீயே அடிச்சிக்கோம்மா. நான் தண்ணி புடிச்சிகினு வரேன்" என்று செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. வராந்தாவில் அதை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு நின்றதை நான் பார்த்தேன்.

இனி என் வீட்டுக் கதை. இதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

என் கணவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேமிப்புக் கிடங்கு அலுவலராக இருந்தார். வீட்டில் ஒரு மேசைக் கணினி வாங்கி வைத்திருந்தார். எங்கள் மகள் யாழினியின் ஒவ்வொரு பிறந்தநாள் அன்றும் அதில் அவளுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்வார். "இருபத்தொரு வயசு ஆனதும் மொத்தமா குடுப்பேன். அதுவரைக்கும் நீயும் படிக்கக் கூடாது" என்பது அவர் எனக்கு இட்ட கட்டளை. அவளுக்குப் பதினேழு முடிந்த சில மாதங்களில் அவர் இறந்துபோனார். நான் கட்டளையை மீறவில்லை. கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகளைப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

பள்ளிகளை மூடிப் பாடமெல்லாம் திரைக்குப் போன வருடத்தில் அந்தக் கணினி மூச்சுத் திணற ஆரம்பித்தது. பழைய இயங்குதளம். வகுப்பெடுக்கும் செயலி அதில் ஏறவே மறுத்தது. கைபேசியின் சின்னத் திரையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடினேன். செல்வியிடம் சொன்னதும், "புது விண்டோஸ் போட்ரலாம்க்கா. மெமரி ராம் ஒண்ணு சேத்தா இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்" என்றாள். ஊரடங்கு தளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகக்கவசமும் பென் டிரைவுமாக வந்து இறங்கினாள்.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினாள். புகைப்படங்கள், என் வினாத்தாள்கள், அவருடைய கடிதங்கள், எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். திரையில் கேள்வி வரும்போதெல்லாம் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். "எல்லாரும் படிக்காமலே ஓகே அழுத்திட்றாங்க. அப்புறம் மெஷினு ஏமாத்திச்சுன்றாங்க" என்றாள். பிறகு பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. திரை பளிச்சென்று வந்தது. நான் டீ போட உள்ளே போனேன்.

"அக்கா, ஃபைலெல்லாம் தொறக்குதான்னு ஒரு தபா பாத்துக்கோ" என்று கூப்பிட்டாள்.

நான் வந்து எண் ஒன்று என்ற கோப்பைத் திறந்தேன். படிப்பதற்கில்லை, இருக்கிறதா என்று பார்க்கத்தான். உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள், தலையில் புள்ளி வைத்த ஏதோ எழுத்துகள், அடைப்புக்குறிகள், கேள்விக்குறிகள். இரண்டாவதும் அப்படியே. பதினேழாவதும் அப்படியே.

செல்வி மூன்றையும் மறுபடி திறந்து பார்த்தாள். என் கணவருடைய அலுவலகத்துக்கென்று யாரோ தனியாகச் செய்துகொடுத்த தட்டச்சு மென்பொருள் அது. அதற்கு அதற்கே உரிய எழுத்துரு. கடிதங்களை எடுத்து வைத்தவள் எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை. அது பழைய இயங்குதளத்தோடு அழிந்துபோயிருந்தது. எழுதியதெல்லாம் இருந்தது, அதைப் படிக்கும் வழி மட்டும் போய்விட்டது. "மன்னிச்சிருக்கா. அது தனி ஃபான்ட்டுன்னு எனக்குத் தோணவே இல்ல. நெட்ல தேடிப் பாக்கறேன், எங்கியாவது இருக்கும்" என்றாள்.

நான் சொன்னதை இங்கே எழுதாமல் போனால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை. "என் வீட்டுக்காரர ரெண்டாவது தடவ கொன்னுட்ட செல்வி" என்றேன். டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியின் மூடியைப் பொருத்தி, நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவள் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு செய்தி வந்தது: "அக்கா, எத்தனையோ ஃபான்ட் போட்டுப் பாத்தேன், எதுவும் சேரல. வேற வழி ஒண்ணு கீது. ஆனா படிக்காம சரி பண்ண முடியாது. படிக்கலாமா?" நான்கு நாட்கள் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் "சரி" என்று மட்டும் அனுப்பினேன். ஒரு வாரம், ஒரு மாதம், அடுத்த மாதம். கேட்கவும் மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை. யாழினியின் இருபத்தொன்றாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கடிதம் எழுதி வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்பது தெரியாது.

மூன்று மாதம் ஆனபோது செல்வி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பழுப்பு உறை, வாய் ஒட்டியிருந்தது.

"உள்ள பதினேழு லெட்டர் கீதுக்கா. பாப்பாவுக்குக் குடு" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். என் கணவர் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளராக இருந்தவர். அறிவிப்புகளையும் அதே மென்பொருளில்தான் அடிப்பார். தண்ணீர்த்தொட்டி கழுவுவது பற்றி அவர் அடித்த அறிவிப்பு ஒன்று, கீழே கண்ணாடிப் பலகைக்குள் மஞ்சளாகிக் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. செல்வி ஒருநாள் வந்து, மாடி ஏறாமல், காவலாளியிடம் கேட்டு அதைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த அறிவிப்பின் கோப்பும் பென் டிரைவில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று பள்ளி நோட்டில் பட்டியல் போட்டிருக்கிறாள். கொம்பு தனி, கால் தனி, சுழி தனி.

"அந்த நோட்டீஸ்ல 'ஞ'வே இல்லக்கா. ஒரு குறி மட்டும் இன்னான்னே புரியல. நாலு நாள் மண்டைய ஒடச்சிகினேன். அப்புறம் ஒரு லெட்டர்ல, பக்கத்துல 'ாபகம்'னு வந்திச்சி. புடிச்சிட்டேன்" என்றாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பதினேழு கடிதங்களையும் புதிதாகத் தட்டச்சு செய்து, அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

நான் அழுதேன். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "அத்த உடுக்கா. 'உங்கம்மா கோவம் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது'ன்னு பாப்பாவுக்கு சார் எழுதிகீறாரு. எனக்கு மூணு மாசம் ஆச்சே, அதான் நானே வந்துட்டேன்" என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இது ஒண்ணுதான் வெளிய வந்திச்சி. மீதி எதுவும் என் வாய்லேந்து வராது." வரவில்லை. இந்த ஆறு வருடத்தில் ஒரு சொல் கூட வரவில்லை.

கிளம்பும்போது அந்த நோட்டையும் என் கையில் கொடுத்தாள். "மொத்தம் பதினெட்டு ஃபைலுக்கா. பதினெட்டாவது நான் அடிக்கல."

அதை யாழினியின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"மொத வரி 'என் மீனாவுக்கு'ன்னு ஆரம்பிக்குது. அதோட நிறுத்திட்டேன். நீ 'சரி'ன்னு சொன்னது பாப்பாவோடதுக்குத்தானே. லிஸ்ட்டு கீது, நீயே படிச்சிக்கோ."

மீனா என்று என்னை அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

யாழினிக்குப் பிறந்தநாள் அன்று உறையைக் கொடுத்தேன். அறைக்குள் போய் மாலைவரை வெளியே வரவில்லை. வந்ததும் முதலில் செல்வியைத்தான் அழைத்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செல்வி என் வீட்டில் ஒருத்தியாகிவிட்டாள். என் கணவரை அவள் தூரத்தில் பார்த்ததோடு சரி, பேசியதே இல்லை. இருந்தும் பேருந்தில் நடத்துனர் யாரையாவது திட்டினால், "சார் இருந்தா இதுக்கு இன்னா சொல்வாரு?" என்று கேட்பாள். நான் சொல்வதற்குள் அவளே சொல்லியும் விடுவாள், சரியாகவும் இருக்கும். ஒருமுறை "சார் கொரலு எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். நான் பேசிக்காட்ட முயன்றேன். வரவில்லை. இருவரும் சிரித்தோம். பருத்திப்பட்டிலிருந்து குமணன்சாவடிவரை, தினமும் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஒருத்தி இருந்தாள். இப்போது அந்தப் பயணம் முழுக்கச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகிறேன். பருத்திப்பட்டு வந்ததும், அவளுக்கு இடம் போட்டது போலப் பக்கத்தில் வைத்திருக்கும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் வேறு யாரோ உட்காருகிறார்கள்.

அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது. அவள் ஏற்றிய இயங்குதளத்துக்கும் காலம் முடிந்துவிட்டதாகத் திரையில் தினமும் ஓர் அறிவிப்பு வருகிறது. "அரையாண்டு லீவுல வந்து பாக்கறேன்க்கா. புதுசு ஏத்துமான்னு பாப்போம், ஏத்தலன்னா லினக்ஸ் போட்டுக் குடுக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். விடுமுறை வந்து போய்விட்டது. மடிக்கணினி வாங்கித் தருவதாக யாழினி சொல்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அறிவிப்பை மட்டும் ஒவ்வொரு நாளும் வாய்விட்டுப் படித்துவிட்டு, "பிறகு" என்பதை அழுத்துகிறேன்.

செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது யோசித்தேன். அவள் நோட்டைக் கொடுத்த பிறகு வந்த பதினொரு நாட்கள். பதினெட்டாவது கடிதம் நான்கு பக்கம். அவள் நினைத்திருந்தால் ஒரே பிற்பகலில் அடித்துக் கொடுத்திருப்பாள். நானும் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்திருப்பேன். தமிழ் சொல்லிக் கொடுப்பவள் நான். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தேடினேன். ஒரு சொல் முழுதாக வருவதற்கு ஒரு நிமிடம் ஆகும். பாதிச் சொல்லில் அடுத்தது என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சில நேரம் அவர் நான் நினைத்ததைச் சொல்வார், சில நேரம் வேறு சொல்வார். வகுப்பு முடிந்து தினமும் ஒரு மணி நேரம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசியது போல இருந்தது.

பதினோராம் நாள் கடைசி வரி முடிந்ததும் செல்வியை அழைத்தேன். எடுத்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"முடிச்சிட்டியாக்கா?" என்றாள்.

"ம்."

"இன்னாத்துக்கு அழுவுற? இன்னொரு தபா மொதல்லேந்து படி. அவசரப்படாத."