சமையலறைக்கு ஒரு சுவிட்ச்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் பேய் இருப்பதாகப் பேச்சு. விளக்குகள் தாமாகவே எரிந்து அணைகின்றனவாம். பேயைப் பார்த்து நாளாயிற்றே என்று நானே மேலே போனேன்.

கதவைத் திறந்தவர், நாங்கள் 'ரிமோட்' என்று அழைக்கும் காப்பீட்டு அலுவலகக் கணக்கர். உள்ளே கும்மிருட்டு. சொன்னதும் எரியும் விளக்குகளை மாட்டிய ஜோரில், பழைய சுவிட்சுகளைப் பிடுங்கி, ஓட்டைகளைச் சிமெண்டால் பூசிவிட்டவர் அவர்.

"நெட் போயிடுச்சு சார். வந்துட்டா எல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்."

"உங்க வீட்டம்மா எங்க?"

"அவ அக்கா வீட்ல."

இருட்டில் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டுக் கை வெந்துபோன அந்த அம்மாள், சமையலறையில் ஒரு சுவிட்ச் வைத்தால்தான் திரும்புவேன் என்று போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவரே போனில் வந்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சுவிட்ச் வெச்சாச்சா?"

"ஒரே ஒரு அப்டேட் வரட்டும். அப்புறம் சுவிட்சே வேணாம்."

"அப்ப அந்த அப்டேட்டையே கட்டிக்கிட்டு அழுங்க."

போன் அணைந்தது. விளக்குகள் அத்தனையும் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தீங்களா சார்!" என்று அவர் முகம் மலர்ந்தது. பார்க்க வேறு யாரும் இல்லாததால் நான் பார்த்தேன்.

பேய் இல்லை என்று கீழே சொல்லிவிட்டேன். அந்தச் சுவிட்ச் மட்டும் இன்னும் பாக்கி.