மாமன் வீட்டுப் பட்டு

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அத்தை பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே அம்மாவிடம், "மாமன் சீருக்கு நீ இன்னாத்துக்கு அண்ணி கஷ்டப்படற? எங்க சித்தப்பா பையன் வெக்கிறேன்னுட்டாரு. சம்பந்தி ஊடு பெரிய எடம். நீங்க சும்மா வந்து சாப்ட்டுப் போனா போதும்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவ எதனா நல்லதா கட்டிகினு வரட்டும். மானத்த வாங்கிடப் போறா."

அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அத்தைக்கு அவர் ஒரே அண்ணன். தாய்மாமன் இல்லாவிட்டால் அவன் வீட்டிலிருந்து சீர் வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஜனங்களின் முறை. தகரத் தட்டில் நாலு பழம் வைத்தாலும் அது மாமன் வீட்டுத் தட்டு. அதை அரிசி மில் வைத்திருக்கும் அந்தச் சித்தப்பா பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அம்மா தலையாட்டிக்கொண்டு நின்றாள். கல்யாண மண்டபத்தில் எல்லார் கண்ணும் என் மேல்தான் இருக்க வேண்டும், அத்தை அதைப் பார்த்துப் புழுங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் ஆயிற்றா? என்னிடம் இருந்தது இரண்டு வாயில் புடவை. அம்பத்தூரில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் ஒருத்தி இருந்தாள். அவளிடம் பெரிய வீட்டுப் பட்டுகள் சேரும் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் இரண்டு டெரிலின் சட்டைகளையும் ஒரு பித்தளைச் செம்பையும் எடுத்துக்கொண்டு போனேன். மூட்டையை அவிழ்த்துப் போட்டாள். சாயம் போனது, ஜரிகை கறுத்தது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த நான் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டில் நின்றேன். அரக்கு பார்டர். முந்தானை ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு தையல்.

அந்தத் தையல் அம்மா போட்டது. அத்தை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் கொண்டுபோனபோது, தங்கைக்கென்று அப்பா தனியாக எடுத்த பட்டு அது. அன்றைக்கே குத்துவிளக்குச் சுடர் பட்டுப் பொசுங்கியது. அம்மா அங்கேயே உட்கார்ந்து இழை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை கிடையாது.

"இது யாருது?" என்றேன்.

"பூந்தமல்லில ஒரு அம்மா. ஒரு கொடத்துக்குக் குட்த்துச்சு. மூணு வருசமா தூக்கிகினு அலையறேன், தையல் கீதுன்னு எவளும் எடுக்கல."

ஒரு குடம்! கோபத்தோடு சட்டைகளையும் செம்பையும் அவள் முன்னால் வைத்துப் பட்டை வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு குஷி. சாமியே கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கல்யாணத்தன்று அவளை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெரு சிநேகிதி வீட்டில் போய்க் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போகும் தன்னுடைய அரக்கு சாட்டின் ஜாக்கெட்டை அவள் எனக்காகப் பிடித்துக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது நான்தானா என்றிருந்தது.

மண்டபத்தில் நேராக அத்தையிடம் போய்க் காலில் விழுந்தேன். எழுந்தபோது அவள் கண் முந்தானையில் நின்றது. முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள் பார்டரைத் தொட்டுப் பார்த்து, "எங்கம்மா எடுத்தது? ரொம்ப நல்லா இருக்கே" என்றாள்.

அத்தை முந்திக்கொண்டாள். "நான்தான் குட்த்தேன். எங்க அண்ணன் பொண்ணாச்சே, உட்ர முடியுமா?"

அந்தப் பொய்யோடு நான் விட்டிருக்கலாம். விடுவேனா?

"ஆமாம்மா, அத்தைதான் குடுத்தாங்க. பாத்திரக்காரியாண்ட, ஒரு எவர்சில்வர் கொடத்துக்கு. எங்கப்பா மாமன் சீரா வெச்ச பொடவ இது. நான் மூட்டையிலேர்ந்து எடுத்துகினு வந்தேன்."

நாதஸ்வரம் ஓய்ந்திருந்த நேரம். நாலு வரிசைக்குக் கேட்டது. சம்பந்தியம்மாள் கையை இழுத்துக்கொண்டு, "அண்ணன் வெச்ச சீரையா பாத்திரத்துக்குப் போட்டீங்க?" என்று அத்தையைக் கேட்டாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆஹா, அந்த ஓட்டம்! இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அம்மாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

"அந்தப் பாத்திரக்காரி மொதல்ல எங்கிட்டதான் கொண்ணாந்து காட்னா" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "நான் தெச்சது எனக்குத் தெரியாதா? ஒங்கப்பா அப்ப உசுரோட இருந்தாரு. அவரு காதுல உழக்கூடாதுன்னு இத்தினி நாளா வாயத் தொறக்கல. தங்கச்சி பொட்டில பத்திரமா கீதுன்னு நெனச்சிகினே போய்ச் சேந்தாரு மனுசன். அவரு பட்டு ஒரு கொடத்துக்குப் போச்சுன்னு இன்னிக்கு ஊரக் கூட்டிச் சொல்லிட்டே."

பஸ் வந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். ஆவடி வரும் வரைக்கும் எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே வந்தேன்.