மூன்று கிளாஸுக்கு ஒரே ஆசை

அரியுனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விட்டுவிட்டு வரத் தெரியாது. மங்கோலியாவின் தார்ஹான் ஊர்ச் சந்தையில் ஆட்டுத்தோல் பதப்படுத்துபவரிடம் "உப்பு எதுக்கு? எவ்வளவு போடுவீங்க? போடலேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டு நின்று, ஒரே மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனவள். அவள்தான் கணக்குப் பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்து, உதவித்தொகை வாங்கி, சியோலில் படிக்கிறாள். அவள் படிக்கும் துறையில் மங்கோலியப் பெண் அவள் ஒருத்திதான்.

ஏழு மாதமாகியும் அந்த ஊரின் ராத்திரியை அவள் பார்த்ததில்லை. தோழிகள் இரண்டு முறை கூப்பிட்டார்கள். சாராயம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு முறையும் மறுத்துவிட்டாள். மூன்றாவது முறையும் மறுத்தால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்னொரு கவலையும் இருந்தது. மே மாதத்தோடு விடுதி அறை முடிகிறது. வகுப்புத் தோழி யேரினும், இரண்டு வருடம் மூத்தவளான தோஹியும் வீடு பார்த்துவிட்டு மூன்றாவது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். புசானில் இருக்கும் தோஹியின் அத்தை மகளுக்கும் அந்த இடத்தின் மேல் கண். 'நான் வரட்டுமா' என்று கேட்க அரியுனாவுக்கு வாய் வரவில்லை. அவர்களாகக் கூப்பிட வேண்டும்.

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மூன்றாவது அழைப்பு வந்தது. தார்ஹானில் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா தூயாவுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில்: "எதையும் விடாம பாத்துட்டு வந்து சொல்லு. ராத்திரி மூணு மணிக்கு அடுப்புகிட்ட நிக்கிறவ நான். அந்த நேரத்துல சும்மா சுத்துறவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியணும்."

விடிய விடிய இளைஞர்கள் சுற்றும் ஹோங்டே பகுதியில், இறைச்சி சுட்டுச் சாப்பிடும் ஒரு கடைக்குள் எட்டு மேசைகள். கடைக்காரம்மா ஒரே கத்தரிக்கோலால் எட்டு மேசை இறைச்சியையும் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். தோஹி சின்னக் கிளாஸில் சோஜு என்ற கொரியச் சாராயத்தை ஊற்றி நீட்டினாள். அரியுனா வலது கையால் வாங்கி, உதட்டில் தொட்டு, நிறைந்த கிளாஸை அப்படியே தோஹியிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் ஊரில் குடிக்காதவர்கள் செய்வது அதுதான்.

யேரின் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

"அக்கா, உங்களைத்தான் குடிக்கச் சொல்றா. தைரியத்தைப் பாருங்க."

"மூத்தவகிட்டயேவா? சரி, குடிக்கிறேன். ஆனா ஒருத்திக்காகக் குடிச்சா அவகிட்ட ஒரு ஆசை கேட்கலாம், தெரியும்ல?" என்ற தோஹி ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி ஊற்றி நீட்டினாள்.

அரியுனாவுக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. அவள் ஊரிலும் திரும்பி வந்த கிண்ணத்தை நிரப்பி மறுபடி நீட்டுவார்கள். எனவே மறுபடி உதட்டில் தொட்டுக் கொடுத்தாள். மூன்றாவதும் அப்படியே. தோஹியின் காது சிவந்துவிட்டது.

"மூணுக்கும் சேர்த்து ஒரே ஆசை. ஆனா பெருசா இருக்கும். விடியறப்ப சொல்றேன்."

அவமதித்துவிட்டோமோ என்று அரியுனா பயந்தாள். இடம் போய்விட்டது என்றே நினைத்தாள்.

இருந்தும் கண் சும்மா இருக்கவில்லை. ஒரு மணிக்குப் பூட்டும் விடுதி ஐந்துக்குத்தான் திறக்கும். முதல் ரயில் ஐந்து முப்பத்திரண்டுக்கு. அதுவரை தெரு முழுவதும் அவர்களுடையது. பொம்மை பிடிக்கும் இயந்திரத்தோடு கோட் போட்ட ஒருவர் சண்டை பிடித்தார். ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி தொலைபேசியில் யாரிடமோ சமையல் குறிப்பு கேட்டாள். காசு போட்டுப் பாடும் அறையில் மங்கோலியப் பாட்டுகளும் இருந்தன. அரியுனா ஒன்றைப் பாட, வரி புரியாத யேரின் கடைசிவரை கைதட்டினாள்.

"இந்த ஊர் எப்பதான் தூங்கும்?" என்றாள் அரியுனா.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்," என்றாள் யேரின்.

நாலரைக்கு, முளைகட்டிய பயறு போட்ட சூப்பும் சோறும் விற்கும் கடையில் உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் அரியுனாவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் உங்களைக் குடிக்கச் சொல்லல. எங்க ஊர்ல குடிக்காதவங்க உதட்டுல தொட்டுத் திருப்பிக் குடுப்பாங்க. அதுதான் மரியாதை."

தோஹி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப மூணையும் நான் சும்மாவா குடிச்சேன்?"

"சும்மாதான்."

யேரினுக்குச் சிரிப்பில் புரையேறியது. தோஹி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"குடிச்சது குடிச்சதுதான். ஆசையும் ஆசைதான். ஜூன் ஒண்ணாந்தேதி காலையில எட்டு மணிக்குப் புது வீட்டுக்கு வா. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூணு மெத்தை தூக்கணும்."

அரியுனா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். தோஹிக்கு ஒன்று, யேரினுக்கு ஒன்று.

"மூணாவது உங்க அத்தை பொண்ணுக்கா?"

"அவ குறட்டை விடுவா. நீ எப்படின்னு தெரியாது. வந்து படு, பார்க்கலாம்."

முதல் ரயிலில் யேரின் தோஹியின் தோளில் தூங்கிப்போனாள். அக்கா தூயாவுக்குச் சொல்ல அரியுனா குறித்து வைத்திருந்தவை முப்பத்தொன்று. கடைசியாக நடந்ததை முதலில் எழுதினாள்: "எனக்கு இடம் கிடைச்சிருச்சு. நாலாவது மாடி."

அடுப்பை அணைத்துவிட்டு வந்த தூயாவின் பதில் அடுத்த நிறுத்தத்துக்குள் வந்தது.

"சந்தோஷம். மூணு மணிக்கு என்ன பாத்தே? அதைச் சொல்லு முதல்ல."