சிமெண்டுக்குள் ஒரு மூச்சு

ஈரச் சிமெண்டைக் கண்டால் ஜெயஸ்ரீ குனிந்து காதைக் கொடுத்துவிடுவாள். சிங்கவரம் சாலையில் யாரோ புதுத் தரை போட்டிருந்தாலும் சரி, பஸ் நிறுத்தத்தில் பள்ளம் பூசியிருந்தாலும் சரி. "சிமெண்டுக்கு ஜுரம் பாக்குற பொண்ணு செஞ்சியிலயே இவ ஒருத்திதான்" என்பார் அவளுடைய நைனா தங்கராசு, ஆட்டோவை ஓரங்கட்டிக் காத்தபடி.

கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. அணு உலைக் கழிவைச் சிமெண்டில் புதைத்து இறுக வைப்பார்கள். கழிவோடு அலுமினியத் துண்டுகளும் வந்து சேரும். அங்கேதான் சிக்கல். இரும்பைக் காக்கிற அதே சிமெண்டு அலுமினியத்தை அரிக்கும். அரிக்க அரிக்க வாயு கிளம்பும். போக வழியில்லாமல் கட்டியில் விரிசல் விழும். அடைத்து வைத்தது வெளியேற அந்த விரிசல் போதும்.

குமிழி எழாத கலவை ஒன்றைத் தேடுகிறாள். வெறும் அலுமினியத் துண்டைச் சிமெண்டில் பதித்து, வாயு குமிழியாக ஏறுகிறதா என்று, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குழாயை மேலே கவிழ்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கனவிலும் அதுதான். கோட்டை மலைப் பாறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, குமிழிகளாகி, ஓசையில்லாமல் வானத்தில் ஏறிப் போகுமாம். இருப்பதிலேயே உயரமான ராஜகிரிக் குன்று மட்டும் யோசித்துக்கொண்டு நிற்குமாம்.

தை மாதம் சொந்த வீட்டுக்கு வாசற்படி வைத்தார்கள். படியின் ஓரத்தில் ஈரம் காயுமுன் காசு பதிப்பது வழக்கம். தங்கராசு ஒரு பழைய பத்துப் பைசாவைப் பதித்தார், பூப்போல வளைந்த விளிம்புள்ளது. சிறு வயதில் யாருடைய கொல்லையிலோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கி, காய் ஆய்ந்ததற்கு அவர் கையில் நேராக விழுந்த முதல் கூலி. அதைச் செலவழிக்காமலே இத்தனை காலம் வைத்திருந்தார்.

ஜெயஸ்ரீ ஓடி வந்தபோது காசு பதிந்துவிட்டிருந்தது.

"நைனா, அது அலுமினியம். தங்காது."

"சிமெண்டுக்குள்ள கம்பியே காலத்துக்கும் நிக்குது, இது நிக்காதா? வர்றவன் போறவன் கண்ணுல என் கூலி படணும்மா."

ஜெயஸ்ரீ அவர் தோளைத் தொட்டுப் படியருகே உட்காரவைத்து, உதட்டில் விரல் வைத்தாள். மேஸ்திரி ஆதிமூலமும் பூசிக்கொண்டிருந்த கரணையை நிறுத்தினார். தெருவில் வெயில் தூங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காசின் விளிம்பில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

தங்கராசு காதைத் தாழ்த்தினார்.

"இன்னாம்மா இது, மூச்சு வுடுது."

"கரையுது நைனா."

தங்கராசு இன்னொரு குமிழி உடைவதைப் பார்த்தார். பிறகு ஆதிமூலம் மெழுகி வைத்ததை விரலால் கிளறி, காசைத் தோண்டி எடுத்து மகள் கையில் வைத்தார். ஆட்டோவுக்குப் போய் ஓர் இரும்பு நட்டைக் கொண்டுவந்து அந்தக் குழியில் அழுத்தினார். "இது இருக்கும் இல்ல?" என்றார். அவள் தலையசைத்தாள். ஆதிமூலம் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மெழுகினார்.

காசின் முகம் மங்கியிருந்தது. விளிம்பு அப்படியே இருந்தது. ஜெயஸ்ரீ வாளித் தண்ணீரில் அலசி, துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு அதை மெல்லக் காதருகே கொண்டுபோனாள்.